பல் கறையும் பல் மருத்துவரைப் பற்றிய பயமும்: வீட்டில் எதுவரை செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருக்கிறது. கீழ்ப்பற்களின் உட்புறம் நாக்கால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது. பல் மருத்துவரின் நாற்காலியை நினைத்தாலே நெஞ்சு படபடப்பதால் பல ஆண்டுகளாக அந்தப் பக்கமே போகவில்லை. எலுமிச்சை, சமையல் சோடா, கரித்தூள் என்று ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கறையை வீட்டிலேயே போக்க முடியுமா என்பது ஒன்று. மருத்துவரிடம் போகாமலேயே இருந்துவிடலாமா என்பது நீங்கள் நேராகக் கேட்காத மற்றொன்று. பல ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்த்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: முதலாவது ஓரளவு முடியும். இரண்டாவது முடியாது. ஆனால் மருத்துவரைப் பார்ப்பது நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் அந்தக் காட்சியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கறை எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பல்லின் வெளிப்படலமான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதே சமயம் அதில் உயிருள்ள செல்கள் இல்லை, தேய்ந்து போனால் மீண்டும் வளராது. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மை உடையது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள் நிறம். ஆகவே ஆரோக்கியமான பல்கூடத் தூய வெள்ளையாக இருக்காது. வயது ஏற ஏற எனாமல் மெலிந்து, டென்டின் தடித்து, பல் மேலும் மஞ்சளாகத் தெரியும். இது நோயும் அல்ல, அழுக்கும் அல்ல. பல் துலக்காததால் வந்த மஞ்சள் என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு இருப்பது இந்த வயதின் நிறம்தான்.

வெளியே படிகிற கறை வேறு. பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் பல்லின்மேல் மிக மெல்லிய படலமாகப் படிகின்றன. தேநீர், காப்பி, சிவப்பு ஒயின், புகையிலை ஆகியவற்றின் நிறம் பெரும்பாலும் இந்தப் படலத்தில்தான் ஒட்டிக்கொள்கிறது. இரும்புச்சத்து டானிக், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷ் ஆகியவையும் பழுப்புக் கறை தரும். ஈறு நோய்க்காக யாரோ எழுதிக்கொடுத்த குளோர்ஹெக்சிடினை வாரக்கணக்கில் நிறுத்தாமல் கொப்பளித்து, பல் கெட்டுப்போய்விட்டது என்று பதறி வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பல் கெடவில்லை, மேலே நிறம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்களும் அப்படி ஏதாவது பயன்படுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது வகை, நீங்கள் சொல்லும் அந்தச் சொரசொரப்பு. கீழ் முன்பற்களின் உட்புறம் என்று சொன்னதும் எனக்குத் தோன்றுவது காரைதான். பல்லின்மேல் தங்கும் கிருமிப் படிவத்தை உரிய காலத்தில் நீக்காவிட்டால் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து அதைக் கெட்டியாக்கிவிடுகின்றன. நாக்குக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் துவாரங்கள் கீழ் முன்பற்களுக்கு அருகிலேயே திறப்பதால் அங்கே காரை அதிகம் படியும். மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் இதே காரணத்தால் படியும். காரை சொரசொரப்பாக இருப்பதால் கறை அதில் எளிதாக ஏறும். நான்காவது வகை, பல்லுக்குள்ளேயே இருக்கும் நிறம். பல் உருவாகும் வயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டிருந்தால் சாம்பல் அல்லது பழுப்புப் பட்டைகள் வரும். அதே வயதில் ஃபுளோரைடு அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தால் வெண் திட்டுகளும், கடுமையாக இருந்தால் பழுப்புத் திட்டுகளும் தெரியும். அடிபட்டு உள்ளே நரம்பு இறந்துபோன பல் மட்டும் தனியாகக் கறுக்கும்.

உங்கள் பல்லைப் பார்க்காமல் எது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. இருந்தாலும் நல்ல பகல் வெளிச்சத்தில் கண்ணாடிமுன் நின்றால் நீங்களே ஓரளவு பிரித்தறியலாம். எல்லாப் பற்களும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் டென்டினின் நிறம். பற்களின் இடுக்கிலும் ஈறோரத்திலும் கோடுகோடாகப் பழுப்பாக இருந்தால் மேற்கறை. தடித்து, நகத்தால் சுரண்டினாலும் வராமல் கெட்டியாக இருந்தால் காரை. ஒரே ஒரு பல் மட்டும் நிறம் மாறியிருந்தால் அதை வீட்டில் தொட வேண்டாம். பள்ளம் தட்டுப்பட்டாலோ, ஃப்ளாஸ் நூல் ஒரே இடத்தில் மாட்டிப் பிய்ந்தாலோ, இனிப்போ குளிர்ச்சியோ பட்டதும் சுரீர் என்றாலோ அது கறை என்று நினைத்துத் தேய்க்கக் கூடாது. சொத்தையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது வீட்டில் செய்யக்கூடியது. மேற்கறையைப் பொறுத்தவரை, சரியாகப் பல் துலக்குவதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. சரியாக என்றால் அழுத்தி அல்ல. மென்மையான தூவிகள் கொண்ட பிரஷ்ஷை ஈறும் பல்லும் சந்திக்கும் இடத்தில் சாய்வாக வைத்து, சிறு சிறு அசைவாக, இரண்டிரண்டு பற்களாக நகர்த்தி, இரண்டு நிமிடம். காலையும் இரவும். பெரும்பாலானவர்கள் கன்னப்புறத்தை மட்டும் வேகமாகத் தேய்த்துவிட்டு நாக்குப்புறத்தை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குச் சொரசொரப்பு வந்திருப்பதும் அங்கேதான். கறை போக வேண்டும் என்று கடினமான பிரஷ்ஷால் தேய்த்தால் ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும், பல்லின் கழுத்துப் பகுதி தேயும். அங்கே மஞ்சள் டென்டின்தான் வெளிப்படும். வெளுக்க வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்தே பல்லை மேலும் மஞ்சளாக்கிக்கொண்டவர்கள் உண்டு. அந்தத் தேய்மானத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

மின்சார பிரஷ் வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வில், மூன்று மாதங்களுக்குமேல் பயன்படுத்தியவர்களிடம் கிருமிப் படிவம் சாதாரண பிரஷ்ஷைவிட 21 சதவீதம் குறைந்திருந்தது. அது படிவத்தைப் பற்றிய கணக்கு, கறையைப் பற்றியது அல்ல. ஆனாலும் படிவம் குறைந்தால் புதிய காரை சேர்வதும் குறையும். மருத்துவரிடம் போகத் தயங்குகிறவருக்கு இது நல்ல முதலீடு என்பது என் கருத்து. பற்களின் இடுக்கை எந்த பிரஷ்ஷும் எட்டாது. அதற்கு ஃப்ளாஸ் நூலோ இடுக்கு பிரஷ்ஷோ தேவை. தொடக்கத்தில் ரத்தம் வரும். பயந்து நிறுத்த வேண்டாம். ஈறு வீங்கியிருப்பதன் அடையாளம் அது, சுத்தம் செய்யச் செய்ய ஓரிரு வாரங்களில் குறையும். குறையாவிட்டால் ஈறுக்கு அடியிலும் காரை இருக்கலாம்.

பற்பசையில் ஃபுளோரைடு இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான பற்பசைகளில் 1,000 முதல் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், உடனே தண்ணீர்விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். வெண்மை தரும் என்று விற்கப்படும் பற்பசைகள் பெரும்பாலும் செய்வது சற்றுக் கூடுதலாக உராய்ந்து மேற்கறையை எடுப்பதுதான். சிலவற்றில் நீல நிறமி கலந்திருப்பார்கள். அது பல்லின் மேல் தற்காலிகமாகப் படிந்து மஞ்சளைக் குறைத்துக் காட்டும். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் சில மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சமையல் சோடா, கேட்பவர்கள் நினைப்பதைவிட மென்மையான பொருள். தண்ணீரில் கரையும், உராய்வும் குறைவு. அதில் ஃபுளோரைடு இல்லை என்பதுதான் குறை. ஆகவே சோடாவை மட்டும் வைத்துத் துலக்குவதைவிட, சோடா கலந்த ஃபுளோரைடு பற்பசை நல்லது. இப்படி நான்கு முதல் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்யுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். குளியலறைக் கண்ணாடியில் தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது, மனம்தான் சோரும்.

செய்யக் கூடாதவை என்று வந்தால் எலுமிச்சையைத்தான் முதலில் சொல்வேன். புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 2. எனாமல் 5.5க்குக் கீழேயே கரையத் தொடங்கும். எலுமிச்சை தேய்த்தவுடன் பல் பளிச்சென்று தோன்றுவது உண்மைதான், ஏனென்றால் கறையோடு எனாமலின் மேற்பரப்பும் போயிருக்கிறது. அடுத்த கறை அந்தச் சொரசொரத்த பரப்பில் இன்னும் எளிதாகப் பிடிக்கும். வினிகரும் அப்படியே. புளிப்பான எதைச் சாப்பிட்டாலும் உடனே பல் துலக்காமல், தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுப்பது நல்லது. கரித்தூளைப் பொறுத்தவரை, 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த மதிப்பாய்வு, அது பாதுகாப்பானது என்பதற்கோ பலன் தரும் என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. துகள்கள் கரடுமுரடாக இருந்தால் தேய்மானம், ஈறோரத்திலும் பல்லில் முன்பு வைத்த அடைப்பின் விளிம்பிலும் கறுப்புக் கோடு என்று தொல்லைகளே அதிகம். கரி மூன்று நாளில் பல்லை வெளுத்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. உராய்ந்தால் மேற்கறை போகத்தான் செய்யும். அதே வேலையைச் சாதாரண பற்பசை மெதுவாகவும் சேதமில்லாமலும் செய்யும்.

காரையைச் சுரண்ட இரும்புக் கொக்கிகள் விற்கப்படுகின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள். கண்ணாடியில் இடம்வலம் மாறித் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு, கூரிய முனையை ஈறுக்கு அருகில் கொண்டுபோவது ஆபத்து. மேலே தெரியும் காரையில் ஒரு துண்டு உடைந்து வரலாம், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். ஈறு நோயை வளர்ப்பது அந்த அடிப்பகுதிதான். கெட்டியாகிவிட்ட காரைக்கு வீட்டு மருந்து எதுவும் கிடையாது. கரைப்பதாகச் சொல்லும் எந்தத் திரவமும் காரையைக் கரைத்தால் பல்லையும் கரைக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே வகைக் கனிமம்.

உள்நிறத்தை மாற்றக்கூடியது பெராக்சைடு மட்டும்தான். எனாமலை ஊடுருவிச் சென்று நிறமூலக்கூறுகளைச் சிதைக்கும். 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு பல் மருத்துவர்கள், 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை, பற்களின்மேல் பொருந்தும்படி அளவெடுத்துச் செய்த உறை போன்ற தட்டில் இட்டு இரவில் அணியும் முறையை வெளியிட்டார்கள். வீட்டில் செய்யும் முறைகளில் நீண்ட காலமாக ஆராயப்பட்டது அதுதான். 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு என்பது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேற்பட்ட பெராக்சைடு வெளுப்பான்களைப் பல் மருத்துவர் வழியாகத்தான் தர முடியும், 18 வயதுக்குக் கீழே தரவே கூடாது. வேறு சில நாடுகளில் அதைவிட வலுவான, பல்லில் ஒட்டிக்கொள்ளும் வெளுப்புப் பட்டைகள் கடையிலேயே கிடைக்கின்றன. கடைப் பட்டைகள் வேலை செய்யுமா என்றால், பெராக்சைடு உள்ளவை ஓரளவு செய்யும். பல்கூச்சமும் ஈறு எரிச்சலும் பலருக்கு வரும், பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். சிலவற்றோடு கூடவே வரும் நீல விளக்கு பலனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. செயற்கை உறைகளும் அடைப்புகளும் வெளுக்காது என்பதால், முன்பல்லில் அடைப்பு இருந்தால் பிறகு அது மட்டும் தனியாக மஞ்சளாகத் தெரியும்.

என்றாலும் உங்கள் நிலையில் பெராக்சைடை இப்போது தொடங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. காரை மூடிய இடத்தில் ஜெல் பல்லைத் தொடாது, எடுத்தபின் திட்டுத்திட்டாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சொத்தை இருந்தால் பெராக்சைடு உள்ளே போய்க் கடுமையான வலியைக் கிளப்பும். பயத்தால் மருத்துவரைத் தவிர்க்கும் ஒருவருக்கு, நள்ளிரவில் அப்படி ஒரு வலி வருவதைவிட மோசமான அனுபவம் வேறில்லை. கர்ப்பிணிகளும் இதைத் தள்ளிப்போடுவது நல்லது.

சில அறிகுறிகளைப் பயத்தின் பெயரால் தள்ளிப்போடவே கூடாது. ஈறில் சீழ், முகத்தில் வீக்கம், தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஆடும் பல், வாய்க்குள் மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு. புகையிலைப் பழக்கம் இருந்தால் கடைசியில் சொன்னவற்றுக்காகக் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும். வீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பல் மருத்துவப் பயத்தை அளப்பதற்கென்றே 1995இல் வெளியான ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது. ஐந்தே கேள்விகள்: நாளைக்கு மருத்துவரிடம் போக வேண்டும் என்றால், காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தால், பல்லைக் குடையப்போகிறார்கள் என்றால், பல்லைச் சுத்தம் செய்யப்போகிறார்கள் என்றால், ஈறில் ஊசி போடப்போகிறார்கள் என்றால் எவ்வளவு பதற்றம் வரும்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 19 அல்லது அதற்குமேல் என்றால் கடுமையான பயம். தாளில் எழுதிப் பாருங்கள். மொத்தத்தைவிட எந்தக் கேள்விக்கு அதிகம் போட்டீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஊசியைப் பற்றிய பயத்துக்கும், படுக்கவைத்து வாயைத் திறந்துவைத்திருக்கும்போது தடுக்க முடியாமல் போகுமோ என்ற பயத்துக்கும், இவ்வளவு கெடுத்துவைத்திருக்கிறாயே என்று திட்டுவார்களோ என்ற கூச்சத்துக்கும் செய்ய வேண்டியவை வேறுவேறு.

உங்கள் கறைக்கும் காரைக்கும் தேவைப்படுவது ஸ்கேலிங். அதற்குப் பல்லைக் குடைய வேண்டியதில்லை, பெரும்பாலும் ஊசியும் வேண்டியதில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் ஒரு முனை, கூடவே தண்ணீர்த் தெளிப்பு. அதிர்வில் காரை பிளந்து விழும். கீச்சென்ற ஓசையும் குளிர்ச்சியும் இருக்கும். ஈறு வீங்கியிருந்தாலோ வேர் வெளியே தெரிந்தாலோ கூச்சமும் சற்று வலியும் இருக்கும், மறைக்க மாட்டேன். அந்த இடங்களில் மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவலாம், ஓசை பிடிக்காவிட்டால் கைக்கருவியால் எடுக்கச் சொல்லலாம், வாயின் கால்பகுதி மட்டும் ஒரு நாளில் செய்யலாம். ஸ்கேலிங் செய்தால் எனாமல் போய்விடும், பல் ஆடும் என்ற பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. இடுக்கை அடைத்திருந்த காரை போனதும் இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும், வீக்கம் வற்றிய ஈறு சற்று இறங்கும், சில நாள் கூசும். காரை தாங்கிப் பிடித்திருந்த, ஏற்கெனவே எலும்பு கரைந்த பல் அதன்பின் ஆடுவது தெரியவரலாம். ஆட்டத்தை உண்டாக்கியது ஸ்கேலிங் அல்ல.

முதல் நாள் எதுவும் செய்துகொள்ளாமல் திரும்பலாம். அதுதான் பயந்தவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது. முன்பதிவு செய்யும்போதே, நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுத்திலேயே, இப்படிச் சொல்லுங்கள்: எனக்குப் பல் மருத்துவம் என்றால் கடுமையான பயம், பல ஆண்டுகளாக வரவில்லை, முதல் முறை பேசவும் பார்க்கவும் மட்டும் வருகிறேன், கருவி எதையும் வாயில் வைக்க வேண்டாம். காத்திருந்து காத்திருந்து பதற்றம் ஏறாமல் இருக்க அன்றைய முதல் நேரத்தைக் கேளுங்கள். நம்பும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை தொடங்கும் நாளில், இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, வேலை தொடங்குமுன் ஒருமுறை கையைத் தூக்கி, அவர் உண்மையாகவே நிறுத்துகிறாரா என்று பாருங்கள். கட்டுப்பாடு கையைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு சோதனை பெரிய ஆறுதல் தருவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் அடங்காத பயம் என்றால், முகமூடி வழியாகக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு இருக்கிறது. விழிப்போடு இருப்பீர்கள், பதற்றம் தணியும், நிறுத்திய சில நிமிடங்களில் தெளியும். பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணை வேண்டும். இவை அந்த ஒரு நாளைக் கடத்திவிடும். பயத்தையே குறைக்க வேண்டுமென்றால் உளவியல் நிபுணரிடம் செய்துகொள்ளும், பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பல் பயத்துக்கு அது பெரும்பாலும் சில அமர்வுகளிலேயே பலன் தரும்.

நீங்கள் சொன்னதைக் கேட்டு ஒருவர் சலித்துக்கொண்டாலோ, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கடிந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள், வேறொருவரைத் தேடுங்கள். அதற்குள் அந்த நான்கு முதல் ஆறு வாரத் துலக்கலை இன்றிரவே தொடங்கிவிடலாம். ஈறு வீக்கம் குறைந்த வாயில் ஸ்கேலிங்கும் அந்த அளவுக்குக் குறைவாகவே கூசும்.